கையால் தொடாத மீன்

கோல்பர்ன் ஆற்றில் தொடையளவு நீரில் நிற்கிறாள் வதனி. கோடை மாலையின் வெயிலில் ஆற்றுப் பூச்சிகள் நீர்ப்பரப்பைக் கிழித்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் சிறகு விரித்தெழுகின்றன. அவற்றைக் கவ்வ வரும் ட்ரவுட் மீன்கள் நீரெங்கும் வட்டங்களை எழுப்புகின்றன. மூன்று கோடைகளாக வெறுங்கையோடு டண்டினொங் வீட்டுக்குத் திரும்பியவளின் முதல் மீன், இறகில் கட்டிய பொய்ப்பூச்சியை விழுங்கி, சற்றுமுன்தான் அருகில் நிற்கும் மீன்பிடிக் கிளப் இளைஞன் விவேக்கின் கைவலைக்குள் துள்ளியது. அவளைக் கேளாமலே கொக்கியைக் கழற்றி, அவன் அதை ஆற்றில் விட்டுவிட்டான்.

"நம்ம கிளப்ல பிடிச்சதை விட்டுடுவோம்க்கா. அதுதானே அழகு?" என்று சிரிக்கிறான்.

"உன்ர மீனை நீ விடு. என்னட்டை ஒரு வார்த்தை கேட்டனியோ? நான் அதை ஒருக்காத் தொட்டுக்கூடப் பார்க்கேல்லை!"

"அடுத்ததை உங்க கையிலயே தர்றேன்க்கா."

"தர நீ ஆர்? கரைக்குப் போ."

சிரிப்பு அடங்கியவனாய், அவன் கற்களில் தடுமாறிக் கரையேறுகிறான். வதனி தூண்டிற்கோலை ஓங்குகிறாள். பூவிதழ்போல் இறங்கவேண்டிய கயிறு சாட்டையாகச் சுழன்று, நீரின் முகத்தில் பளாரென்று அறைகிறது. வட்டங்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. பூச்சிகள் எழுந்துகொண்டேயிருக்கின்றன, அவற்றைக் கவ்வ ஒரு மீனும் வரவில்லை.