ஊசி துள்ளிய கணம்

தோணிரேவு மீனவக் குப்பத்தில், ஏரித் தண்ணீரில் பட்ட வெயில் ஓலைக் குடிசைக்குள் நெளிகிறது. துக்கத்தில் மூளை உடம்பை என்ன செய்கிறது என்று ஆராய வந்த உம்மு ஹானி, இந்திராணியின் விரல்களில், உடம்பின் பதற்றத்தை அளந்து தாளில் கோடாக வரையும் கருவியின் கம்பிகளைச் சுற்றியிருக்கிறாள். எண்பத்து நாலாம் வருஷப் புயலில், மீன் பிடிக்கப் போன கணவன் திரும்பாத நாளை இந்திராணியைச் சொல்லச் சொன்னவளும் ஹானிதான். "கஞ்சி ஆறட்டும்னேன், நிக்காம பூட்டாரு" என்று இந்திராணி சொன்னதும் கருவியின் ஊசி துள்ளி, தாளில் உயரமாகக் கோடு இழுக்கிறது. ஹானிக்குச் சந்தோஷம் பொங்குகிறது. நிமிர்ந்தால், இந்திராணியின் கழுத்து நரம்பு படபடக்கிறது. கால்விரல்கள் மணலைப் பறிக்கின்றன. சந்தோஷப்பட்டது ஹானிக்குக் கூசுகிறது. "சரியா வந்துச்சாம்மா? இல்லன்னா இன்னொருவாட்டி சொல்றேன். அத்தினி தூரத்திலேர்ந்து வந்துகிற" என்கிறாள் இந்திராணி. "போதும்க்கா" என்று கம்பிகளைக் கழற்றுகிறாள் ஹானி. தாளைக் கிழிக்கத்தான் கை போகிறது. கிழிக்காமல், மடித்துப் பைக்குள் வைக்கிறாள்.