அண்ணன் கொடுத்த ஒன்பது

அமெச்சூர் ரேடியோவில், எதிர்முனையில் பேசுபவரின் குரல் எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்று ஒன்பதுக்கு மதிப்பெண் சொல்ல வேண்டும். மரியாதைக்கு எல்லோரும் எல்லோருக்கும் ஒன்பதைத் தூக்கிக் கொடுப்பார்கள். "ஒன்பது, பிரமாதம்" என்றுவிட்டு, "உங்க பேர் என்ன சொன்னீங்க?" என்று கேட்பார்கள்.

அண்ணன் மட்டும் கறார். அடுத்த தெருவிலிருந்து கூப்பிட்ட எனக்கே நாலுதான் போட்டான். "தம்பின்னா என்ன, மீட்டர்ல முள்ளு ஏறணும்ல?" என்றான்.

அவன் செத்து ஒரு மாதம் கழித்து, அவனுடைய ரேடியோவில் அவன் குரல் வந்தது. மீட்டரில் முள் அசையவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"நல்லா இருக்கானான்னு கேளுடா."

கேட்டேன்.

"ஒன்பது," என்றான் அண்ணன். "பிரமாதம்."

அம்மா மைக்கைப் பிடுங்கினாள். "கண்ணு, அம்மா பேசுறேன்டா. அங்க குளிருதா?"

"ஒன்பது. பிரமாதம்."

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நல்லாக் கேக்குதாம்டா."

நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க பேர மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க," என்றான் அண்ணன்.

அம்மா தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லத் தொடங்கினாள்.