நாலு நாள் தாமதம்

“நாலே நாலு நாளு, அங்கிள்! அதுக்கு ஒரு காரணம் சொல்லமாட்டேங்குறீங்க. உள்ள போயி நான் என்னத்தப் பேசறது?”

ஈப்போ உயர்நீதிமன்றத்தின் தாழ்வாரத்தில் வழக்கறிஞர் ஜோசலின் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். இன்னும் பத்து நிமிடத்தில் கூப்பிட்டுவிடுவார்கள்.

அப்பாவு தலையிலிருந்த தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். “குடும்ப வேலைன்னு எழுதிட்டீங்கள்ல? அது போதும்லா.”

“எப்படிப் போதும்? தீர்ப்பு வந்து பதினாலு நாளுக்குள்ள அப்பீல் போடணும். நீங்க என் ஆபீசுக்கு வந்தது பதினெட்டாவது நாளு. உங்களுக்குப் போன் அடிச்சு அடிச்சு என் விரலே தேஞ்சு போச்சு. ஆளு எங்கதான் போனீங்க?”

“தஞ்சோங் மாலிம் ஊர்ல…” என்று ஆரம்பித்தாள் அப்பாவுவின் மனைவி இருளாயி.

“நீ சும்மா இரு!” அப்பாவு அதட்டினார்.

வழக்கு ஒன்றும் சிக்கலானதல்ல. கோப்பெங் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தை மூடியபோது தொழிலாளர்களுக்கு மனை கொடுத்தார்கள். அப்பாவுவும் அவருடைய அண்ணனும் சேர்ந்து ஒரே மனையாக வாங்கி, பட்டாவை அண்ணன் பெயரில் எழுதினார்கள். கூடப்பிறந்தவன்தானே என்ற நம்பிக்கை. அந்த மனையில் வீடு கட்டிக் குடியேறியவர் அப்பாவு. பதினோரு வருடத்துக்கு முன் அண்ணன் சத்தமில்லாமல் அதைத் தன் ஒரே மகள் தினேஸ்வரியின் பெயருக்கு மாற்றிவிட்டார். அன்றோடு இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு நின்றது. போன வருடம் தினேஸ்வரி, சித்தப்பா வீட்டைக் காலி பண்ணவேண்டும் என்று வழக்குப் போட்டு, அண்மையில் ஜெயித்தும் விட்டாள்.

இப்போது அப்பீலுக்குக் கூடுதல் அவகாசம் கிடைக்காவிட்டால், அப்பாவு சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்பவேண்டியதுதான்.

“சொல்லித் தொலைங்களேன்!” இருளாயியின் கண் கலங்கிவிட்டது. “வீடு போச்சுன்னா இந்த வயசுல எங்க போயி நிக்கறது?”

“அதப் பேப்பர்ல எழுதினா, செஞ்சதுக்குக் கூலி கேட்ட மாதிரி ஆயிடும். வீடு போனாப் போகட்டும்.”

“எதுக்குக் கூலி?” ஜோசலின் விடவில்லை.

அப்பாவு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். இப்படி ஒரு பிடிவாதக்காரரை வைத்துக்கொண்டு எந்த வழக்கறிஞர்தான் என்ன செய்ய முடியும்?

“சரி, தொப்பியாவது கழட்டுங்க. உள்ள போடக்கூடாது.”

அவர் தயங்கித் தயங்கிக் கழற்றினார். மழித்த தலையில் இப்போதுதான் முடி குத்திட்டு முளைத்திருந்தது.

“அலாமாக்! மொட்டையா? கோயிலுக்கு வேண்டுதலா?”

“அப்படியே வச்சுக்கங்க.”

“ஏசுவே! இத ரோய்ஸ்டன் பாத்தான்னா நம்மள உரிச்சிடுவான்.”

உரிக்கத்தான் செய்தார். தினேஸ்வரியின் வழக்கறிஞர் ரோய்ஸ்டன் எழுந்து, அப்பாவுவின் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு நீதிபதியிடம் மலாயில் ஆரம்பித்தார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

“யாங் அரிஃப் அவர்களே, நாங்கள் இதைக் கடுமையாக எதிர்க்கிறோம். தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் காரணம் காட்டவேண்டும். இவர் கைப்பேசியை அணைத்து வைத்துவிட்டு எங்கோ போய்விட்டார். வேண்டுதலுக்கு மொட்டை போட நேரம் இருந்தவருக்கு, ஈப்போ வந்து ஒரு கையெழுத்துப் போட நேரமில்லையா? சொந்த வீட்டின் மேலேயே இவருக்கு அக்கறை இல்லை.”

எதிர்வரிசையில் இருந்த தினேஸ்வரி சட்டென்று நிமிர்ந்தாள். மிகவும் இளைத்துப்போயிருந்தாள்.

நீதிபதி அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். “அப்பாவு, நீங்களே சொல்லுங்கள். அந்த நாட்களில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?”

அப்பாவு எழுந்து நின்றார். தொப்பியைக் கையில் கசக்கினார். இருளாயி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என் தப்புதாங்க. வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல.”

ஜோசலின் கண்களை மூடிக்கொண்டாள். எல்லாம் முடிந்தது. நீதிபதி பேனாவை எடுத்தார்.

“நில்லுங்கம்மா!”

கத்தியது தினேஸ்வரி. ரோய்ஸ்டன் பதறிப்போய் அவள் பக்கம் குனிந்தார். “என்ன பண்றீங்க? உக்காருங்க. கேசு நம்ம கைக்கு வந்தாச்சு.”

“வேணாம் சார். இப்படி ஒரு பொய்யச் சொல்லி ஜெயிச்சா எனக்குச் சோறு இறங்காது.” அவள் நீதிபதியைப் பார்த்துக் கைகூப்பினாள்.

“அது கோயிலுக்குப் போட்ட மொட்டை இல்லம்மா. தீர்ப்பு வந்த மறுநாளு எங்கப்பா செத்துட்டாரு. ஆம்பளப் புள்ள இல்லாத அவருக்குக் கொள்ளி வச்சது இந்தச் சித்தப்பாதான். கொள்ளி வச்சவரு பதினாறாம் நாள் காரியம் முடியாம வாசப்படி தாண்டக்கூடாதுன்னு, அத்தன நாளும் தஞ்சோங் மாலிம்ல எங்க வீட்டுக்குள்ளயேதான் உக்காந்திருந்தாரு… என் மேல அப்பீல் போடக்கூட வெளிய போகாம!”