இருபத்தெட்டு போதும்

காற்று இறங்கிக்கொண்டிருந்தது.

பின்சக்கரத்தின் அருகே குந்தியிருந்த பங்க் ஊழியர் குழாயின் வாயை அழுத்திப் பிடித்திருந்தார். சீறல் நிற்கிற மாதிரி தெரியவில்லை.

பிள்ளைகள் இருவரையும் கழிவறைக்குக் கூட்டிப்போய்த் திரும்பியவள், அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"இருபத்தெட்டு போதும்ப்பா," என்றார் தங்கதுரை. அவள் கணவனின் அண்ணன். வண்டி ஓட்டுகிறவர். "அடிக்கிற வெயிலுக்கு உள்ள காத்து தன்னால ஏறும். நாமதான் எறக்கி வைக்கணும்."

ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் சொல்வார்கள். கோடை வந்தால் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். கேட்டால் நியாயமாகவே இருக்கும்.

தப்பு.

எதை வாங்கினாலும் கூட வருகிற புத்தகத்தைப் படித்து முடிக்காமல் தூங்காத ஜென்மம் அவள். மிக்ஸிக்குப் படித்தாள். இந்தக் காருக்கும் படித்தாள். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஓடிச் சூடான டயரில் காற்றை இறக்கக் கூடாது என்று அதில் இருந்தது. காற்று குறைந்த டயர் நசுங்கி நசுங்கி உருளும். உருள உருள இன்னும் சூடாகும். ஒரு கட்டத்துக்கு மேல் தாங்காது.

வண்டி நிறைய ஆளிருந்தால் முப்பத்தாறு. அதுவும் ஓடாமல் ஆறியிருக்கிற டயரில். ஓட்டுகிறவர் கதவோரத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள். தங்கதுரை தினமும் அந்தக் கதவைத் திறந்துதான் ஏறுகிறார்.

காலையிலிருந்து ஓடி வந்த வண்டி. உள்ளே ஏழு பேர். மேலே அரிசி மூட்டை, அண்டா, பொங்கல் பானை. குலசாமி கோயிலில் பிள்ளைகள் இருவருக்கும் காதுகுத்து.

"அத்தான்," என்றாள். "இவ்வளவு பாரத்துக்கு இது பத்தாதே. நடு ரோட்டுல டயர் ஏதும்..."

"ஏய்!"

மாமியார். கார் ஜன்னலுக்கு வெளியே தலை வந்திருந்தது.

"நல்ல காரியத்துக்குப் போறப்ப என்ன பேச்சு பேசுற? வாயக் கழுவு."

கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலையும் நீட்டினார்.

பங்க் ஊழியர் வேறு பக்கம் பார்த்தார். அவள் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். தண்ணீர் வெந்நீராக இருந்தது.

இனி அதைச் சொல்ல முடியாது. சொல்லி, அது நடந்தும் விட்டால், அவள் வாய் பலித்ததால் நடந்தது என்பார்கள். டயரைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

நாலாவது சக்கரத்திலும் சீறல் நின்றது.

வண்டி நாலுவழிச் சாலையில் ஏறியது. முன்னால் அண்ணனும் தம்பியும். நடுவில் மாமியாரும் ஓரகத்தியும், மூன்றாவது ஆளாக மாலைக் கூடையும். கடைசி இருக்கையில் அவள். இடப்பக்கம் ஓரகத்தியின் மகள் ஓவியா. வலப்பக்கம் தன் மகன் முகில்.

கணவனுக்கு போனில் அனுப்பினாள். 'காத்து பத்தாது. அத்தான்கிட்ட நீங்க சொல்லுங்க.'

முன்னிருக்கையில் அவன் குனிந்து பார்ப்பது தெரிந்தது.

பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

அவ்வளவுதான். பிறகு அவன் அண்ணனிடம் ஏதோ நிலம் விற்கிற கதை பேச ஆரம்பித்தான்.

"பாத்தியா?" தங்கதுரை ஸ்டீயரிங்கைத் தட்டினார். "காத்த எறக்கினதும் எப்படி மெத்துன்னு போகுது!"

மெத்தென்றுதான் போனது. லாரியைத் தாண்டும்போது வண்டியின் பின்புறம் லேசாக ஆடியது. அவளைத் தவிர யாருக்கும் அது தெரிந்ததாக இல்லை.

"இன்னும் வேகமா, பெரியப்பா!" முகில் கத்தினான்.

"இன்னும் வேகமா, அப்பா!" ஓவியா கத்தினாள்.

அவர் இருவருக்கும் கட்டுப்பட்டார்.

வாந்தி வருகிறது, நிறுத்துங்கள் என்று அவள் கேட்டாள். கூடையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்று பின்னால் வந்தது. மோந்துக்கோ, நல்ல நேரம் முடியறதுக்குள்ள போகணும் என்றார் மாமியார்.

சீட் பெல்ட்.

அது இப்போதுதான் தோன்றியது. இரண்டு ஓரங்களிலும் பெல்ட் தொங்கியது. மாட்டுகிற கொக்கியைத்தான் காணோம். போன மாதம் போட்ட புது சீட் கவர். பின்னால் யார் பெல்ட் போடப் போகிறார்கள் என்று கொக்கிகளை உள்ளே விட்டே மூடியிருந்தார்கள்.

தையலில் விரலை நுழைத்துக் கிழித்தாள். ஒரு நகம் பெயர்ந்தது.

முகில் பக்கம் எவ்வளவு தோண்டியும் கை எட்டவில்லை. கொக்கி எங்கோ அடியில், இருக்கை இரும்புக்குள் போய்ச் சிக்கியிருந்தது.

ஓவியா பக்கம் கிடைத்தது.

கொக்கி கையில் இருக்க, அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஒரே வீடு. ஒரே சமையல். ஓவியாவுக்குத் தினமும் தலை பின்னிவிடுவது அவள்தான். காய்ச்சல் வந்தால் அந்தப் பிள்ளை தேடுவதும் அவளைத்தான்.

வண்டி மறுபடி ஆடியது. இந்த முறை கொஞ்சம் கூடுதலாக.

"கண்ணு," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "நீ இந்தப் பக்கம் வந்துக்கோ."

ஓவியா ஏன் என்று கேட்கவில்லை. அவள் மடியைத் தாண்டித் துள்ளி வந்தாள்.

மகனைத் தூக்கி, ஓவியா இருந்த இடத்தில் வைத்தாள். பெல்ட்டை இழுத்து மாட்டினாள். டக் என்றது.

முன்னால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓவியா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் பக்கம் தொங்கிய பெல்ட்டைத் தானே இழுத்தாள். இடுப்புவரை கொண்டுவந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இத எங்க மாட்டணும், சித்தி?"