பவுடர் பூசிய எண்கள்

தேவிகுளம் எஸ்டேட் தொழிலாளர் லயத்து வாசலில் பழைய ரேஸ் சைக்கிளின் வெறும் சட்டம் தலைகீழாக நிற்கிறது. சீமைக்குத் திரும்பிப்போன மேனேஜர் விட்டுச்சென்றது. தேயிலை பேக்டரி பிட்டர் வீரபாண்டி அதன் முன்னால் குந்தியிருக்கிறான். அவன் மனைவி சந்தனம், முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, பெடல் அச்சு நுழையும் குழாயில் பிடிக்கிறாள். "மரை ரெண்டு பக்கமும் ஒரே திசையில சுத்துது புள்ள. இங்கிலீஷ் சைக்கிள்னா ஒரு பக்கம் எதிர்மரை இருக்கணும். அப்ப இவ எந்தூர்க்காரி?" கோயில் கொடைக்கு அவளுக்கென்று வாங்கிவந்த பவுடரை எடுத்து, அந்த இரும்பில் வெட்டிய தயாரிப்பு எண்களில் தடவி, மெல்ல ஊதுகிறான். எண்கள் வெளுத்துத் தெரிகின்றன. குழாய்கள் சேருமிடத்தில் வெற்றிலை நுனிபோல் வளைந்த விளிம்பை அவன் கட்டைவிரல் நிதானமாகச் சுற்றிவருகிறது. சந்தனம் அந்த விரலையே பார்க்கிறாள். கல்யாணம் எஸ்டேட் கோயிலிலேயே முடிந்தது. அவள் பூர்வீகம் எதுவென்று அவன் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கண்ணாடி லேசாகச் சாய்கிறது. எண்கள் இருண்டு, வெயில் அவன் கண்ணில் அடிக்கிறது. "ஏன் புள்ள, கை வலிக்கா?" "இல்ல. நான் எந்தூர்க்காரி? அதச் சொல்லுங்க மொதல்ல." பவுடர் படிந்த விரல்களால் கண்ணை மறைத்துக்கொள்கிறான். அவள் வெளிச்சத்தை நகர்த்தாமல் நிற்கிறாள்.