எதிர்ச்சாரி லாரி

காலிக் குடத்தோடு அவர் தெருவைக் கடந்தார்.

எதிர்ச்சாரியில் தண்ணீர் லாரி வந்து நின்றிருந்தது. வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது அவர் சாரிக்கு வரும் லாரி இல்லை.

ஊர் தனி நகராட்சியாக இருந்தவரை தெருவுக்கு ஒரே லாரிதான். காலையில் வரும் என்பார்கள், உச்சி வெயிலாகிவிடும். சில நாள் வராமலே போகும். இரண்டு சாரிக் குடங்களும் நடுத்தெருவில் கலந்து கிடக்கும். மனிதர்கள் பூவரச மர நிழலில்.

அங்கேதான் கமலவேணி பழக்கமானாள். எதிர்வீடு. பிளவுஸ் தைத்துப் பிழைப்பவள். புருஷன் போய்ப் பல வருஷம். அவரும் மனைவியைப் பறிகொடுத்தவர். போஸ்டாபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர்.

லாரி வராத நேரமெல்லாம் பேசினார்கள். மீன் விலை, அவருடைய ரத்தக் கொதிப்பு, அவளோடு பேச்சை நிறுத்திவிட்ட மகன். ஒருநாள் பேச்சு சுவாரஸ்யத்தில் லாரி வந்து போனதே தெரியவில்லை. இரண்டு குடமும் காலியாகத் திரும்பின. அவள் சிரித்த சிரிப்பு இன்னும் அவர் காதில் இருக்கிறது.

அப்புறம் ஊரை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். மண்டலம் பிரித்தார்கள். எல்லைக்கோடு இந்தத் தெருவின் நடுவே போயிற்று.

அவர் சாரிக்குக் காலையில் லாரி. அவள் சாரிக்கு மாலையில்.

சொன்ன நேரத்துக்கு வந்தது. சண்டை இல்லை. காத்திருப்பும் இல்லை. குடம் நிரம்பியதும் அவரவர் வீடு.

குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதே அவருக்குக் குறையாக இருந்தது.

எதிர்வீட்டில் தையல் மெஷின் ஓடுவது கேட்கும். போய்க் கதவைத் தட்ட ஒரு காரணம் வேண்டாமா?

வரிசை நகர்ந்தது. அவர் முறை வந்ததும் லாரிக்காரன் குழாயை மூடினான்.

"நீங்க அந்த சைடாச்சே சார். காலையிலயே உங்களுக்கு வுட்டாங்கல்ல?"

காலையில் பிடித்த தண்ணீர் வீட்டில் அப்படியே இருந்தது.

நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போன கமலவேணி நின்றாள்.

"வுடுப்பா. அவரு எங்க வீட்டுக்குத்தான் புடிக்கிறாரு."

லாரிக்காரன் குழாயைத் திறந்தான்.

குடம் நிறைந்தது. தோளில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

அவள் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போயிருந்தாள்.