பராமரிப்பில் இருந்த வண்டி

"சம்பவ நேரத்தில் மீட்புச் சறுக்குவண்டி தடுப்புப் பராமரிப்பில் இருந்தது" என்று தோன் பால்தசார் மூன்றாம் முறையாக அறிவித்தார்.

பனிச்சறுக்கு நிறுவனத்துக்காகத் தலைநகர் சாந்தியாகோவிலிருந்து வந்திருந்த வக்கீல் அவர். 'பராமரிப்பு' என்ற சொல்லை, புனிதரின் எலும்பைத் தொடுகிறவரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு உச்சரித்தார்.

சாட்சி நாற்காலியில் ரோசமெலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருபத்தாறு வருடமாக அந்த எரிமலைச் சரிவில் விழுந்தவர்களை அள்ளிக்கொண்டு வருகிறவன் அவன். அந்த வண்டிக்கு அன்று நடந்த ஒரே பராமரிப்பு, சாயங்காலம் அவனே வெந்நீர் ஊற்றி ஆட்டுக்கொழுப்பைச் சுரண்டியதுதான்.

முன்வரிசையில் எலியானா, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி.

அவள் கணவன் ஓமேரோ தொடை எலும்பு முறிந்து பனியில் கிடந்தது எழுபது நிமிடம். இருபது நிமிடத்தில் இறக்கியிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் காலையிலேயே சாட்சி சொல்லிவிட்டார்.

தாமதம் நிறுவனத்தின் குற்றமா, இல்லை, அவர்கள் எழுதிக் கொடுத்திருந்ததுபோல 'மலையின் இயல்பான ஆபத்தா' என்பதுதான் கேள்வி.

"பனி! காற்று! விதி!" என்று கையை விரித்தார் வக்கீல். விதியையும் நிறுவனத்தின் ஊழியராகச் சேர்த்துக்கொண்டுவிட்டார்.

நீதிபதி அம்மாளுக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டு ரோசமெலைப் பார்த்தார். "வண்டி எங்கப்பா இருந்துச்சு? சுத்தி வளைக்காம சொல்லு."

பின்வரிசையிலிருந்து, கூட வேலை பார்க்கும் மீட்புக்காரன் நிபால்தோ வேண்டாமென்று தலையை ஆட்டினான். நேற்றே சொல்லியிருந்தான்: "வாய மூடிக்கிட்டு இருடா மச்சான். ரேடியோ பேச்சு எங்கயும் பதிவாகல. உனக்கென்ன வந்துச்சு?"

"மேல, மலைக்குடில்ல இருந்துச்சும்மா" என்றான் ரோசமெல். "கம்பெனி ஆண்டு விழா விருந்து. ரெண்டு முழு ஆட்டுக்குட்டிய அதுல வச்சுதான் ஏத்தினோம். வருஷா வருஷம் அப்படித்தான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். எலியானா சிரிக்கவில்லை.

"ஆட்சேபணை! மாமிசத்துக்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை!"

"பெல்ட் போட்டுக் கட்டினோம் ஐயா. மனுசனக் கட்டுற அதே பெல்ட்டு. பராமரிப்புன்னா அதுதானே?"

வக்கீல் தண்ணீர் குடித்தார். அதையும் கம்பீரமாகவே குடித்தார்.

"கீழேயிருந்து ரேடியோவுல கூப்பிட்டாங்கல்ல? மேலேயிருந்து என்ன பதில் போச்சு?" என்றார் நீதிபதி.

"தின்னுட்டு வர்றோம், அவன் எங்கயும் ஓடிட மாட்டான்னு போச்சும்மா."

கூடமே நிர்வாக இயக்குநர் பக்கம் திரும்பியது. விருந்துக்குத் தலைமை தாங்கியவர். தன் பளபளப்பான ஷூவைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். இரண்டு வருடமாக எலியானாவின் ஆத்திரமெல்லாம் அந்தப் பருத்த பிடரியில்தான் இறங்கியிருந்தது.

ரோசமெலும் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தான். மதுக்கடையில், வீட்டில், குளிக்கும்போதுகூட. திட்டுவதற்குத் தோதான ஆள்.

"யார் சொன்னது அப்படி?" என்றார் நீதிபதி.

இயக்குநர் தலையை நிமிர்த்தவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

ரோசமெல் நீதிபதியை விட்டுவிட்டு எலியானாவைப் பார்த்தான்.

"வண்டிய இழுத்து ஏத்தினவனுக்குத்தான் முதல் விலாக்கறி. சூடு ஆறுறதுக்குள்ள தின்னுடணும். அது எங்க ஆளுங்க வழக்கம்மா. அன்னைக்கு இழுத்தது நான். ரேடியோவும் என் கையிலதான் இருந்துச்சு."